‘காய்ச்சல்’ என்று எழுத ஒரு வைத்தியர் எதற்கு?

மூத்த வைத்தியர் ஒருவர் கூட்டமொன்றில் பேசிய பேச்சு மன்னாரில் பலருடைய வாயில் அடிபடுகிறது. கைதட்டலும் கிடைத்ததாம். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். அது அவர் ஒருவருடைய கருத்தும் அல்ல. வடக்கின் எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியர்களின் தேநீர் நேரத்தில் இதே கதையைக் கேட்கலாம். குருதியில் கிருமி பரவி வந்தவனைக் காப்பாற்றுவதுதான் வைத்தியரின் வேலை, அதற்கு என்ன பெயர் எழுதுவது, எந்தக் குறியீடு போடுவது என்பதெல்லாம் பதிவறைக் கிளார்க்கின் வேலை என்றார் அவர். எப்படி எழுதினாலும் ஏற்றுகிற மருந்து ஒன்றுதான் என்றார். குறியீடு என்பதே அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகள் பில் போடுவதற்காகக் கட்டிய விவகாரம், இலவச ஆஸ்பத்திரிக்கு அது எதற்கு என்று கேட்டார். குருதிக் கல்ச்சர் செய்யவே திண்டாடும் இடத்தில் துல்லியம் பேசுவது பகட்டு என்றார். கடைசியாக, எல்லாவற்றையும் எழுதிவைத்தால் நாளைக்கு அந்தத் தாளோடு சட்டத்தரணி வந்து நிற்பார் என்று எச்சரிக்கையும் விட்டார்.

ஐந்து வாதங்கள். ஒன்றில் மட்டும் கால்வாசி உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். மற்றவை நாலும் சோம்பலுக்குப் போட்ட வெள்ளை மேலங்கி.

‘மருந்து ஒன்றுதான்’ என்பதிலிருந்து தொடங்குவோம். மாரி மழை விட்ட கையோடு நானாட்டான் பக்கத்து வயல்காரர் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஐந்து நாள் காய்ச்சல், குருதி அமுக்கம் இறங்கிவிட்டது, சிறுநீர் குறைந்துவிட்டது, பழைய நீரிழிவும் உண்டு. அவருடைய குருதியில் இருப்பது எலிக்காய்ச்சல் கிருமியாக இருக்கலாம். ஸ்கிரப் டைபஸாக இருக்கலாம். நெருப்புக் காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீர்ப் பாதையிலிருந்து மேலே ஏறிய ஈகோலையாக இருக்கலாம். நனைந்த மண்ணில் வாழ்ந்து, நீரிழிவுக்காரரைத் தேடிப் பிடிக்கும் மெலியோயிடோசிஸாகவும் இருக்கலாம். முதல் மணித்தியாலத்தில் எதற்கும் காத்திராமல் பரந்த வீச்சுள்ள நுண்ணுயிர்கொல்லி ஒன்றை ஏற்றுவது சரி. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் வைத்தியர் அவர்களே, உங்கள் வைத்தியம் முதல் மணித்தியாலத்தோடு முடிந்துவிடுகிறதா?

நம்முடைய விடுதிகளில் கை போகும் முதல் மருந்து பெரும்பாலும் செப்ட்ரையக்சோன். அது எலிக்காய்ச்சலுக்கு வேலை செய்யும். டைபஸைத் தொடவே தொடாது. அதற்கு டொக்சிசைக்கிளின் வேண்டும். எதிர்ப்புப் பெற்ற ஈகோலைக்கு அது தண்ணீருக்குச் சமம். மெலியோயிடோசிஸில் அதை நம்பியிருந்தால் நோயாளியை இழப்போம். செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசிவழி ஏற வேண்டும், அதன் பிறகு கோ-ட்ரைமொக்சசோல் குளிசை ஏறத்தாழ 3 மாதம் போக வேண்டும். இதே ஆளுக்கு நீங்கள் ‘காய்ச்சல் – குணமடைந்தார்’ என்று எழுதித் துண்டு வெட்டி அனுப்பினால் என்ன நடக்கும்? வீட்டுக்குப் போய் ஐந்து நாள் குளிசை போடுவார், உடம்பு தேறியதும் நிறுத்துவார், சில மாதத்தில் அதே கிருமியோடு திரும்பி வருவார். அன்றைக்குக் கடமையில் இருக்கும் இளம் வைத்தியர் பழைய கார்டைப் புரட்டிப் பார்ப்பார். அதில் ‘காய்ச்சல்’ என்று இருக்கும். அவரும் செப்ட்ரையக்சோனில் இருந்து தொடங்குவார்.

மலேரியாவும் குருதியில் குடியிருக்கும் தொற்றுத்தான். அதிலும் ‘மலேரியா’ என்று எழுதினால் போதாது. சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் பல்சிபாரத்துக்கு பி50, வைவாக்ஸுக்கு பி51, இனம் தெரியாததற்கு பி54. இது எண் விளையாட்டு அல்ல. வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும்பும். பிரைமாகுயின் கொடுக்காவிட்டால் நோய் திரும்பும். பல்சிபாரம் சில நாளில் மூளையைத் தாக்கி ஆளை முடிக்கும். பெயர் மாறினால் மருந்து மாறுகிறது. ‘எப்படி எழுதினாலும் ஒன்றுதான்’ என்பவர் மருந்தியல் பாடத்தை எந்த ஆண்டில் மறந்தார் என்று தெரியவில்லை.

அடுத்தது கிளார்க். குறியீடு போடுவது பதிவறை அலுவலரின் வேலை என்பது உண்மை. ஆனால் அவர் எதைப் பார்த்துப் போடுகிறார்? நீங்கள் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவில், எழுதியதைப் பார்த்து. ஊகித்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. கல்ச்சர் அறிக்கையில் கிருமியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும், ‘இந்த நோயாளிக்கு இந்தக் கிருமியால் செப்சிஸ்’ என்று வைத்தியர் ஒரு வரி எழுதாத வரைக்கும் அந்த அறிக்கை கோப்பில் குத்தப்பட்ட இன்னொரு தாள் மட்டுமே. டிக்கெட்டில் ‘காய்ச்சல்’ என்றால் ஆர்50.9. ‘செப்சிஸ்’ என்று தனியே நின்றால் ஏ41.9, அதாவது கிருமி குறிப்பிடப்படாத செப்சிஸ். கிருமியையும் சேர்த்து எழுதினால் ஏ41-இன் கீழ் அதற்குரிய இடம் கிடைக்கும். எலிக்காய்ச்சல் ஏ27, மெலியோயிடோசிஸ் ஏ24, டைபஸ் ஏ75. பிரசவத்துக்குப் பின் வந்த செப்சிஸ் ஓ85, பிறந்த குழந்தையுடையது பி36 (மலேரியாவின் ‘B’ அல்ல, ‘P’). இந்தக் கதவுகளில் எதைத் திறப்பது என்பதை உங்கள் பேனா தீர்மானிக்கிறது. திறப்பை நீங்கள் பையில் வைத்துக்கொண்டு, கதவு பூட்டிக் கிடக்கிறதே என்று கிளார்க்கைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

‘யூரோசெப்சிஸ்’ என்று ஒரு சொல் நம் விடுதிகளில் உலாவுகிறது. எழுதுகிறவர் மனதில் சிறுநீர்த் தொற்று குருதிக்கு ஏறி ஆளைக் கவிழ்த்துவிட்டது என்ற படம் இருக்கும். வாசிக்கிறவருக்கு அது வெறும் சிறுநீர்த் தொற்றாகவும் படும், உயிராபத்தாகவும் படும். குறியிடுபவர் பாதுகாப்பான பக்கம் போய் சிறுநீர்த் தொற்று என்று போட்டுவிட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் போராடிய மனிதர் புள்ளிவிபரத்தில் எரிவுக்கு மருந்து எடுக்க வந்தவராகிவிடுவார். செப்சிஸ் என்றால் என்ன என்பதற்கு 2016-இல் உலக அளவில் ஒப்புக்கொண்ட வரையறை இருக்கிறது: தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை தடம் புரண்டு உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும் உயிராபத்து நிலை. குருதியில் கிருமி தென்படுவது மட்டுமே செப்சிஸ் ஆகாது. கல்ச்சரில் ஒன்றும் வளராததால் செப்சிஸ் இல்லை என்றும் ஆகாது. எந்த உறுப்பு, எவ்வளவு, எப்போதிருந்து என்பதை நோயாளியின் தலைமாட்டில் நிற்பவரால்தான் சொல்ல முடியும். பதிவறை இருப்பது கட்டடத்தின் மறுகோடியில்.

இப்படி எழுதாமல் விட்டதன் விலையை நாடு முழுவதும் பார்க்கலாம். அரச ஆஸ்பத்திரிகளில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் நோய், இறப்பு விபரங்களைச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவு திரட்டுகிறது. அலுவலக வழக்கில் ‘ஐ.எம்.எம்.ஆர்.’ என்பார்கள். அதில் ஆஸ்பத்திரி மரணங்களுக்கான முன்னணிக் காரணங்களின் வரிசையில், மாரடைப்புக்கும் புற்றுநோய்க்கும் அருகிலேயே ஆண்டுதோறும் ஒரு பெயர் வந்து நிற்கும்: ‘விலங்குவழி மற்றும் ஏனைய பற்றீரிய நோய்கள்’. வாசிக்கிறவர் ஏதோ காட்டு நோய் என்று நினைப்பார். உள்ளே பார்த்தால் எலிக்காய்ச்சலும் அங்கேதான், மெலியோயிடோசிஸும் அங்கேதான், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரில்லாத செப்சிஸும் அங்கேதான். பேசாலைக் கரையில் எந்தச் சம்மாட்டியாவது சூடை, பாரை, திருக்கை, நண்டு எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி, ‘மீன்’ என்று ஒரு விலை கூறுவாரா? அங்கே செய்யத் துணியாததை உயிர்க் கணக்கில் செய்கிறோம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக்கூடிய ஒரு வாதத்தை நானே எடுத்துத் தருகிறேன். ‘அப்படியானால் செப்சிஸ் என்று எழுதிவிட்டோமே, பிறகென்ன?’ என்று கேட்கலாம். மரணச் சான்றிதழில் செப்சிஸ் என்று மட்டும் எழுதுவதும் பாதி வேலைதான். அடிப்படைக் காரணம் என்று கேட்பது, மரணத்தில் போய் முடிந்த சங்கிலியின் முதற் கண்ணியை. காலில் புண், அதிலிருந்து குருதித் தொற்று, அதிலிருந்து சிறுநீரகச் செயலிழப்பு என்று போனால் தொடக்கம் நீரிழிவுப் புண். ‘இதயமும் சுவாசமும் நின்றது’ என்று எழுதுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? இறந்தவர் எல்லாருக்கும் இதயம் நின்றுதான் இருக்கும். அதைச் சொல்ல ஐந்து வருடப் படிப்பு வேண்டியதில்லை. உலக நோய்ச்சுமை ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பதிவுகளைக் ‘குப்பைக் குறியீடு’ என்று வெளிப்படையாகவே அழைக்கிறார்கள். தனித்து நிற்கும் செப்சிஸும் அந்தக் குப்பையில்தான் சேரும். அதே ஆய்வின் அடிப்படையில் 2020-இல் வெளிவந்த மதிப்பீடு, 2017-இல் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்ததாகவும், அவர்களில் 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்ததாகவும் சொல்லிற்று. உலகில் இறந்த ஐவரில் ஒருவர். சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் தேடி எண்ணியபோதுதான் இந்தப் பெருந்தொகை கண்ணுக்குப் பட்டது.

அமெரிக்கா கதைக்கு வருவோம். கால்வாசி உண்மை என்றேனே, அது இங்கேதான் இருக்கிறது. 1983-இலிருந்து அங்கே முதியோர் மருத்துவக் காப்புறுதி நோய்க்குழுவின்படி ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுக்கிறது. செப்சிஸ் என்றால் தொகை கூட. ஆகவே சாதாரண தொற்றையும் செப்சிஸாக ஏற்றிக் காட்டும் ஆசை அங்கே உண்டு. அதைப் பிடிக்கக் கணக்காய்வாளர்களும் உண்டு. பணம் நுழைந்த இடத்தில் பதிவு கெடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? பணத்துக்காகப் பொய் எழுதும் தேவையே இல்லாத நம் இலவச ஆஸ்பத்திரியில் உள்ளதை உள்ளபடி எழுத எந்தத் தடையும் இல்லை என்பதுதான். நீங்களோ அதைத் தலைகீழாக்கி, பணம் வராத இடத்தில் உண்மையும் வேண்டாம் என்கிறீர்கள்.

குறியீடு காப்புறுதிக்காரனின் கண்டுபிடிப்பு என்பதும் பிழை. இறப்புக் காரணங்களின் சர்வதேசப் பட்டியலை 1893-இல் தந்தவர் பிரெஞ்சுப் புள்ளிவிபரவியலாளர் ஜாக் பெர்ட்டில்லன். மனிதர் எதனால் சாகிறார்கள் என்று நகரங்களும் நாடுகளும் ஒத்துப் பார்க்கத்தான் அது. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கையேற்று, உயிரோடிருப்போரின் நோய்களையும் சேர்த்தது. அதற்கும் முன்னே போனால் வியன்னா. 1846-இல் அங்கே ஒரே ஆஸ்பத்திரியின் இரண்டு பிரசவப் பிரிவுகளில், மாணவ வைத்தியர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் நூற்றுக்குப் பதினொருவர் அளவில் தாய்மார் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள்; மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவில் மூவருக்கும் குறைவு. இந்த வித்தியாசத்தை இக்னாஸ் செம்மல்வைஸுக்குக் காட்டியது நுண்ணோக்குக் கண்ணாடி அல்ல, பிரிவு பிரிவாக ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு. பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ அறைக்கு வந்தவர்களின் விரல்களில்தான் மரணம் வந்தது என்று அவர் கண்டுகொண்டார். 1847-இல் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். அடுத்த ஆண்டில் முதற் பிரிவின் மரணம் நூற்றுக்கு ஒன்றளவுக்கு இறங்கிற்று. அன்றைக்கு அந்தப் பதிவேட்டை எழுதியவர்கள் ‘எல்லாம் காய்ச்சல்தானே’ என்று இரண்டு பிரிவையும் கலந்து எழுதியிருந்தால்?

வியன்னா தூரம் என்றால் நம் நாட்டுக்கே வாருங்கள். 1934–35-இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 1963-இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர். பதினேழு! வென்றுவிட்டோம் என்று நுளம்பு மருந்து தெளிப்பதைக் குறைத்தார்கள், காய்ச்சல்காரரின் குருதியைத் தேடிப் பார்ப்பதும் தளர்ந்தது. 1969-இல் ஒரே ஆண்டில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அதைத் திரும்ப அடக்கப் பல பத்தாண்டு பிடித்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றளித்தது. அந்தச் சான்றிதழ் சும்மா கிடைக்கவில்லை. ஒவ்வொரு மலேரியா நோயாளிக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும். எந்த இன ஒட்டுண்ணி, எங்கே தொற்றியது, வெளிநாட்டிலா உள்ளூரிலா, கடைசியாக எங்கே பயணம் போனார் என்று அத்தனையும் எழுதியிருக்க வேண்டும். ‘மலேரியா, மருந்து கொடுத்தோம்’ என்ற வரியை ஜெனீவாவில் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

சான்றிதழின் மை காயவில்லை, அதே 2016 டிசெம்பரில் மன்னார் தீவின் கிணறுகளில் இந்நாட்டில் அதுவரை பதிவாகாத நுளம்பு ஒன்றின் குடம்பிகள் அகப்பட்டன. அனோபிலிஸ் ஸ்டெபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம். கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு முப்பது கிலோமீற்றர் அளவுதான் கடல். வழக்கமான கண்காணிப்பின்போது பூச்சியியல் ஊழியர்கள் குடம்பியைப் பார்த்து ‘அனோபிலிஸ் ஏதோ ஒன்று’ என்று எழுதிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. உருவத்தை ஒப்பிட்டார்கள், மரபணுவைப் பார்த்தார்கள், சரியான பெயரை எழுதினார்கள். அந்த ஒரு பெயரால்தான் தீவின் கிணறுகள் அன்றிலிருந்து மலேரியாத் தடை இயக்கத்தின் கவனத்துக்குள் வந்தன. கிணற்றில் நெளியும் புழுவுக்கு நம் தீவில் கிடைத்த மரியாதை, விடுதியில் படுத்திருக்கும் மனிதரின் குருதியில் இருக்கும் கிருமிக்குக் கிடைக்கக் கூடாதா?

‘வசதி இல்லாத இடத்தில் துல்லியம் எப்படி?’ என்று கேட்பவருக்கு, துல்லியம் என்றால் நிச்சயம் என்று யார் சொன்னது? தெரிந்ததைத் தெரிந்ததாகவும் சந்தேகத்தைச் சந்தேகமாகவும் எழுதுவதுதான் துல்லியம். இந்த நாட்டின் தொற்றுநோய் அறிவித்தல் முறையே சந்தேகத்தின் மீது கட்டப்பட்டது. எலிக்காய்ச்சல், டைபஸ், நெருப்புக் காய்ச்சல், மூளைக்காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று என்று ஐயம் வந்தவுடனேயே எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் சாதாரண காய்ச்சல்கூடப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் படிவம் போனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வளவுக்குப் போவார். எந்த வயல் என்று பார்ப்பார். அந்த வெளியில் இறங்குகிற மற்றவர்களுக்கு டொக்சிசைக்கிளின் தடுப்புக் குளிசை போகும். 2008-இல் நாட்டில் 7,000-க்கும் அதிகமானோரை எலிக்காய்ச்சல் தாக்கி 200 பேரளவில் உயிரெடுத்ததை மறந்துவிட்டீர்களா? அதுவும் வேண்டாம். 2024 டிசெம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் சில நாளுக்குள் அடுத்தடுத்துப் பலர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக இறந்தார்கள். ‘மர்மக் காய்ச்சல்’ என்று ஊரெல்லாம் பேச்சு. குருதி மாதிரிகளைச் சோதித்ததும் எலிக்காய்ச்சல் என்று பெயர் வந்தது. யாருக்குத் தடுப்பு மருந்து, எந்த ஊருக்கு எச்சரிக்கை என்று முடிவெடுக்க முடிந்தது அதன் பிறகுதான்.

மெலியோயிடோசிஸ் கதை இன்னும் கசப்பானது. இலங்கையில் முதல் நோயாளி பற்றிய குறிப்பு 1927-இலேயே உண்டு. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இது தாய்லாந்தின் நோய், வட அவுஸ்திரேலியாவின் நோய், நமக்கில்லை என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 2006-இலிருந்து கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோகா கொரியாவும் அவருடன் பணியாற்றியவர்களும் தேடத் தொடங்கியபோது மாவட்டம் மாவட்டமாக நோயாளிகள் வெளிப்பட்டார்கள். கிருமி நேற்று விமானத்தில் வந்து இறங்கவில்லை, மண்ணிலேதான் இருந்தது. கல்ச்சரில் வளர்ந்தபோதும் ‘ஏதோ சூடோமோனாஸ்’ என்றோ ‘வெளியிலிருந்து கலந்த அழுக்கு’ என்றோ தள்ளிவிடப்படக்கூடிய கிருமி அது. எத்தனை வயல்காரர் ‘காய்ச்சல்’ என்ற தலைப்பின் கீழ் புதைக்கப்பட்டார்கள் என்பதை இனி யாராலும் எண்ண முடியாது. வசதியில்லை என்பவர் வசதி கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். அந்தச் சண்டைக்கு ஆயுதமும் பதிவுதான். மாவட்டத்தில் குருதித் தொற்றே இல்லை என்று தாள் சொல்லும்போது, கல்ச்சர் போத்தல் வேண்டும் என்று கொழும்பில் எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

மன்னாருக்கே உரிய இன்னொரு சங்கடத்தை அந்த மேடைப் பேச்சு தொடவே இல்லை. இங்கே கடும் நோயாளி பலர் இங்கேயே முடிவதில்லை. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்புலன்ஸில் ஏற்றப்படுகிறார்கள். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். கூடப் போவது ஒரு தாதியும் ஒரு தாளும். அந்தத் தாளில் ‘காய்ச்சல், அமுக்கம் குறைவு, மருந்து ஏற்றப்பட்டது’ என்று இருந்தால் அங்கே நிற்பவருக்கு என்ன விளங்கும்? எந்த மருந்து, எத்தனை மணிக்கு, குருதி எடுத்தது மருந்துக்கு முன்னா பின்னா? மருந்து ஏறிய பின் எடுத்த குருதியில் கிருமி வளராமல் போகலாம். அதை அறியாதவர் ‘தொற்று இல்லை’ என்று தவறான வழியில் போகலாம். நோயாளி அங்கே இறந்தால் மரணம் அந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் ஏறும். கடித்த நுளம்பும் கலங்கிய வயல்நீரும் மன்னாரில் இருக்க, மன்னாரின் கணக்கு வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கு ஆளணியும் மருந்தும் ஒதுக்குகிறார்கள்.

சட்டத்தரணிப் பயத்துக்கு வருகிறேன். 2024-இல் மன்னாரில் பிரசவத்தோடு தொடர்பான தாய் மரணங்கள் மக்களை வீதிக்கு இறக்கின. விசாரணைகள் நடந்தன, ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடிற்று. அந்தத் தாய்மார் எதனால் இறந்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. எந்தத் தாய் மரணத்திலும் முதலில் எல்லாரும் தேடுவது டிக்கெட்டைத்தான் என்பதைத்தான் சொல்கிறேன். குடும்ப சுகாதாரப் பணியகத்தின் கீழ் இந்த நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் தனித்தனியாக ஆராயப்படுகிறது. 1930-களில் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த தாய் மரணத்தைப் பத்துகளின் கணக்குக்குக் கொண்டுவந்ததில் அந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு. அதில் ‘10.40-க்குக் குருதி எடுத்தோம், 10.55-க்கு முதல் மருந்து, 11.30-க்கு ஆலோசக வைத்தியருக்கு அறிவித்தோம்’ என்று எழுதியவர் தலை நிமிர்ந்து நிற்கலாம். ஒன்றும் எழுதாதவர் எதைச் சொல்லியும் நம்பவைக்க முடியாது. வெற்றுத் தாளை வதந்தி நிரப்பும். வழக்குக்குப் பயந்து எழுதாமல் விடுகிறவர் வழக்கில் தன்னைக் காக்கும் ஒரே சாட்சியைத் தானே கொல்கிறார்.

ஆஸ்பத்திரியிலேயே பிடித்த தொற்று என்று எழுதினால் மானம் போய்விடும் என்பது இன்னொரு முணுமுணுப்பு. வந்து 48 மணித்தியாலம் கழிந்து தொடங்கிய தொற்றைப் பொதுவாக ஆஸ்பத்திரித் தொற்றாகக் கொள்வது உலக வழக்கு. கனூலா போட்ட இடத்திலிருந்து வந்ததா, சிறுநீர்க் குழாயிலிருந்து வந்ததா என்று எழுதினால்தான் எந்த விடுதியில் கை கழுவல் தளர்ந்திருக்கிறது, எந்தக் குழாய் தேவைக்கு மேல் உடம்பில் கிடந்தது என்று தெரியும். மறைத்த ஆஸ்பத்திரியில் மானம் தங்கும், கிருமியும் தங்கும்.

ஒரு நியாயத்தை ஏற்றுக்கொள்கிறேன். இரவு முழுக்கத் தனியாக நிற்கும் ஹவுஸ் ஒபிசரிடம் கட்டுரை எழுது என்று கேட்க முடியாது. அவர்கள் களைத்துப்போனவர்கள், பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். ஆனால் நான் கேட்பது கட்டுரை அல்ல, ஆறே விபரம்: தொற்று எந்த இடத்திலிருந்து தொடங்கிற்று, எந்தக் கிருமி, உறுதியா சந்தேகமா, எந்த உறுப்பு பாதித்தது, வரும்போதே இருந்ததா, வந்த பிறகு பிடித்ததா, கல்ச்சரும் முதல் மருந்தும் எத்தனை மணிக்கு, நோயாளியின் தொழில், ஊர், அண்மைப் பயணம் என்ன. அச்சடித்த தாளொன்றை டிக்கெட்டோடு சேர்த்தால் இரண்டு நிமிட வேலை. துண்டு வெட்டுமுன் ஆலோசக வைத்தியர் அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். விபரம் குறைந்த டிக்கெட்டை விடுதிக்கே திருப்பி அனுப்பும் அதிகாரம் பதிவறை அலுவலருக்கு வேண்டும். அவரைக் கிளார்க் என்று ஏளனமாக அழைப்பதும் நிற்க வேண்டும். மாகாணச் சுகாதாரத் திணைக்களம் நினைத்தால் புதிய கட்டடம், புதிய இயந்திரம் எதுவும் இல்லாமல் இதை வருகிற மாரிக்கு முன்னே நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டு ஆளுக்குத் துண்டு வெட்டும்போது டயக்னோசிஸ் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். ‘என்ன வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், டொக்டர்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். ‘காய்ச்சல்’ என்று பதில் வந்தால், ‘எதனால் வந்த காய்ச்சல்?’ என்று இன்னொரு முறை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுதுவது அவர்கள் கடமை.